கேட்டுவிட்டு மார்க் போடுவோம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 1979 முதல் 1982 வரை இங்கே பி.ஏ. தமிழ் படித்தவன். பிறகு பள்ளியில் தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ராப் பாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நம் செயலாளர் சிரித்துவிட்டார். "அண்ணே, நீங்களா?" என்றார். நான்தான் பேச வேண்டும். ஏனென்றால் தப்புச் செய்தவன் நான்.

2008-ஆம் ஆண்டு நம் கல்லூரிக் கலைவிழாவில் கவிதைப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். கந்தர்வகோட்டைப் பக்கத்துக் கிராமத்து மாணவன் ஒருவன் கையில் காகிதம் இல்லாமல் மேடை ஏறினான். அவன் நண்பன் மேசையில் தாளம் தட்ட, தன் ஊர்க் கண்மாய் வற்றிப்போன கதையை, சீமைக்கருவேலம் உள்ளே புகுந்த கதையை, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனான். அரங்கம் முழுக்க விசில். நான் பாதியிலேயே மணியை அடித்தேன். "தம்பி, இது கவிதையும் இல்லை, பாட்டும் இல்லை" என்றேன். அவன் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம்? 'நிழல்கள்' படம் 1980-இல் வந்தபோது நான் இங்கே இரண்டாம் ஆண்டு. வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி.பி. பாடிய 'மடை திறந்து' எங்கள் வயதின் பாட்டு. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவின் எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் ஆகியோருடன் சேர்ந்து 2006-இல் 'வல்லவன்' என்ற ராப் ஆல்பத்தை வெளியிட்டார். அந்தப் பாட்டின் துண்டை எடுத்து, அதற்கு நடுவே பேசியிருந்தார்கள். டீக்கடையில், பஸ்ஸில், பையன்களின் செல்போனில் எல்லாம் அதுதான். என் பாட்டை யாரோ திருடிக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. அந்தக் கோபத்தை இந்தப் பையன் மேல் இறக்கிவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். "இப்பவும் எழுதுறியாப்பா?" என்று கேட்டேன். "இல்லைங்க சார். அது பாட்டே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

அன்றைக்கு ராத்திரிதான் 'வல்லவன்' ஆல்பத்தை முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன். அதன் பிறகு பலரிடம் கருத்துக் கேட்டிருக்கிறேன். சிலவற்றைச் சொல்கிறேன்.

என் வகுப்புத் தோழர் ஒருவர், எஸ்.பி.பி. பக்தர், இன்றும் மசியவில்லை. "அந்தப் பழைய துண்டை எடுத்துட்டா மிச்சம் என்ன நிக்கும்?" என்கிறார். நியாயமான கேள்விதான்.

திருக்கோகர்ணத்தில் மிருதங்கம் வாசிக்கும் நண்பர் கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். "வாத்தியாரே, சொல்லு தாளத்து மேல நேரா விழலை. தள்ளி எடுக்கிறான், ஆனா சரியா வந்து சேர்றான். நம்ம அனாகத எடுப்பு மாதிரி இருக்கு. மான்பூண்டியா பிள்ளை ஊர்க்காரன் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாமா? கச்சேரி மேடைக்குக் கஞ்சிராவே அவராலதானே வந்துச்சு?" என்றார்.

கிள்ளானில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போனில் சொன்னான்: "மாமா, உங்களுக்கு அது காலேஜ் பாட்டு. இங்கே பிறந்த பசங்களுக்கு அது அப்பா, அம்மா வீட்டில் போட்ட பாட்டு. அதை வச்சுக்கிட்டு அவங்க கதையைப் பேசுறாங்க." நம் பக்கத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் போனவர்கள். அவர்களுக்கு இளையராஜா சொந்தமில்லை என்று சொல்ல நான் யார்?

என் மகளுக்கு ஆல்பம் பிடிக்கவில்லை. "தன்னையே வல்லவன்னு சொல்லிக்கிறது என்னப்பா பெருமை?" என்றாள். "காளமேகப் புலவர் சொல்லிக்கொள்ளாததா அம்மா?" என்றேன். சிரித்தாளே தவிர, ஒப்புக்கொள்ளவில்லை.

பழைய பாட்டின் துண்டை எடுப்பது திருட்டு என்று நினைத்தேனே, இந்தக் கலை பிறந்ததே அப்படித்தான். 1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், தங்கை ஏற்பாடு செய்த விருந்துக்குக் கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா இளைஞர் இசைத்தட்டுப் போட்டார். தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தை இரண்டு தட்டுகளைக் கொண்டு நீட்டிக்கொண்டே போவது அவர் கண்ட வழி. அந்தத் தாளத்தின் மேல்தான் பேச்சு ஏறியது. வாத்தியம் வாங்க வசதியில்லாதவர்களுக்கு வீட்டிலிருந்த பழைய தட்டே வாத்தியம் ஆயிற்று.

தமிழாசிரியன் என்ற முறையில் எனக்குப் பட்டதையும் சொல்கிறேன். நம் மரபில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. முதல் எழுத்து ஒன்றினால் மோனை. அடியின் கடைசி ஒன்றினால் இயைபு. ஆங்கில ராப் பெரும்பாலும் கடைசிச் சொல்லை நம்பி ஓடுகிறது. தமிழில் ராப் சொல்பவனுக்கு மூன்றும் கையில் இருக்கிறது. வகுப்பில் எதுகை, மோனை சொல்லிக்கொடுத்தே வயசான நான், ஒரு பையன் அவற்றை வாயால் வாழவைத்தபோது மணி அடித்தேன்.

2021-இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட தன் பாட்டியின் நினைவை அறிவு அதில் வைத்தார். ஊரெல்லாம் பாடியது. எனக்கோ நம் கண்மாய்ப் பையனின் ஞாபகம்தான் வந்தது.

நம் மாவட்டம் கண்மாய்களை நம்பிய மாவட்டம். மடையைத் திறப்பவனுக்கு எவ்வளவு பொறுப்போ, அடைப்பவனுக்கும் அவ்வளவு பொறுப்பு உண்டு.

இனி நடுவர் நாற்காலியில் உட்காரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிடிக்காவிட்டால் குறைத்து மார்க் போடுங்கள். ஆனால் கடைசி வரை கேட்டுவிட்டுப் போடுங்கள். அடுத்த கலைவிழாவில் 'தாளத்தோடு சொல்' என்று ஒரு போட்டி வைக்கச் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் பரிசுத் தொகை என் செலவு. அந்தத் தம்பி இந்த மலரைப் பார்க்க நேர்ந்தால், அந்தக் கண்மாய்ப் பாட்டின் மறுபாதியைக் கேட்க நான் காத்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளட்டும். இந்தத் தடவை மணி என் கையில் இருக்காது.