மஞ்சள் காகிதத்தின் மறுபாதி

இன்னைக்கு எபிசோட்ல நாம பேசப்போறது ஒரு மஞ்சள் காகிதத்தைப் பத்தி.

1985-ல் வந்த ‘மிஸ்டர் வாம்பயர்’ என்ற ஹாங்காங் படத்தைப் பார்த்திருக்கீங்களா? பார்க்காதவங்களுக்கும் அந்தக் காட்சி தெரிஞ்சிருக்கும். கையை முன்னால் நீட்டிக்கிட்டு, குதிச்சுக் குதிச்சு வரும் பிணம். தாவோ பூசாரி ஒருத்தர் ஏதோ கிறுக்கின மஞ்சள் காகிதத்தை அதன் நெற்றியில் ஒட்டுவார். பிணம் அப்படியே நின்னுடும். அனிமே, கேம்ஸ்னு எல்லாத்துலயும் இந்தக் காகிதம் வந்துட்டே இருக்கு. சிங்கப்பூர், பினாங்கிலிருந்து கேட்கிற நண்பர்கள் இதைச் சீனக் கோயில்களில் நேரிலேயே பார்த்திருப்பீங்க.

நாம இதைத் ‘தாயத்து’ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவோம். தப்பில்லை. ஆனா சீன மொழியில் இதன் பெயர் ‘ஃபு’. அந்தச் சொல்லின் பழைய பொருளைத் தெரிஞ்சுக்கிட்டா, இந்தக் காகிதம் வேற மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

உடைத்த புலி

பழைய சீனாவில் ஃபு என்றால் இரண்டாக உடைத்த அடையாளப் பொருள். ஹான் பேரரசு காலத்தில், அதாவது கி.மு. 206 முதல் கி.பி. 220 வரை, படையை நகர்த்த வெண்கலப் புலி ஒன்று தேவைப்பட்டது. புலியை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி அரசவையில் இருக்கும், மறுபாதி தளபதியிடம் இருக்கும். அரசனின் ஆள் ஒரு பாதியோடு வந்து, இரண்டும் கச்சிதமாகப் பொருந்தினால்தான் படை கிளம்பும். அந்தக் காலத்து ஓடிபின்னு வச்சுக்கோங்க.

தாவோ மதம் இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரு பாதி பூசாரி கையில், மறுபாதி விண்ணுலகில். காகிதத்தைக் கவனிச்சுப் பாருங்க. மேலே பெரும்பாலும் ‘கட்டளை’ என்று பொருள்படும் எழுத்துகள். கீழே இடி என்ற எழுத்து, கோடுகளால் இணைத்த விண்மீன் புள்ளிகள். சாதிலிங்கம் அரைத்த சிவப்பு மை. அதோடு சொல்லும் மந்திரத்தின் முடிவில் ஒரு வாசகம் வரும்: சட்டப்படி, தாமதமின்றி, உடனே நிறைவேற்று என்பது அதன் பொருள். இது ஹான் காலத்து அரசு ஆவணங்களில் கடைசியில் எழுதின வாசகம்! பேயிடம் பூசாரி கெஞ்சவில்லை. அரசாணையை நீட்டுகிறார்.

ஆணை பிறப்பிக்க அதிகாரம் வேண்டுமே? தீட்சை பெறும்போது பூசாரிக்கு ஒரு பதிவேடு தரப்படும். எந்தெந்தத் தெய்வங்களை அவர் அழைக்கலாம் என்ற பெயர்ப்பட்டியல் அதில் இருக்கும். அது இல்லாதவர் எழுதினால், அது வெறும் காகிதம்.

சாலை போட்டால்தான் மருந்து

ஜாங் தாவோலிங் என்பவருக்கு 142-ல் சிச்சுவான் பகுதி மலை ஒன்றில் லாவோ ட்சு தெய்வமாகக் காட்சி தந்தார் என்பது மரபு. அவர் தொடங்கிய வழிக்கு ‘விண்ணக ஆசான்கள்’ என்று பெயர். அங்கே நோயாளிக்கு ஃபு எழுதி, எரித்து, அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்தார்கள்.

இதோட நிறுத்தினா மூடநம்பிக்கைன்னு சொல்லி முடிச்சிடலாம். ஆனா குடிப்பதற்கு முன்னால் நோயாளி தனியறையில் உட்கார்ந்து தன் தவறுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் பெயரையும் குற்ற ஒப்புதலையும் மூன்று பிரதிகளாக எழுதுவார்கள். ஒன்று வானத்துக்கு, அதை மலைமேல் வைப்பார்கள். ஒன்று நிலத்துக்கு, அதைப் புதைப்பார்கள். ஒன்று நீருக்கு, அதை ஆற்றில் அமிழ்த்துவார்கள். ஜாங் தாவோலிங்கின் பேரன் ஜாங் லூ ஹான்ஜோங் பகுதியை 215 வரை ஆண்டார். அங்கே சின்னத் தவறு செய்தவர் நூறு தப்படி தூரம் சாலையைச் செப்பனிட வேண்டும். வழிப்போக்கர்களுக்கு இலவச உணவு வைத்த சத்திரங்களும் இருந்தன.

ஆக, இது ஒரு ஒப்பந்தம். விண்ணுலகம் தன் பாதியைத் தரும், மனிதர் தன் பாதியைச் செய்யணும்.

இரவில் வந்த கவிதைகள்

சரி, விண்ணுலகம் தன் பக்கத்திலிருந்து என்ன அனுப்பியது? கவிதை!

364-லிருந்து 370 வரை, இன்றைய நான்ஜிங் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் மாவோஷான் மலைப்பகுதி. ஷூ என்ற குடும்பத்துக்காக வேலை பார்த்த யாங் ஷி என்ற இளைஞர். இரவுகளில் அவரிடம் தெய்வங்கள் வந்து பேசின, அவர் எழுதிக்கொண்டார். அவருடைய முக்கிய ஆசிரியை வேய் ஹுவாசுன், 334-லேயே இறந்துபோன ஒரு பெண். 365-ல் ஒரு இரவு, அவருக்கு மணமகளாக ஒரு இளம் தேவதை வருகிறாள். அவள் கையில் மூன்று இலந்தைப் பழங்கள், கொட்டை இல்லாதவை. அவனுக்கு ஒன்று, உடன் வந்த இன்னொரு தேவதைக்கு ஒன்று, தனக்கு ஒன்று. சாப்பிட்டதும் ஒரு கவிதை சொல்கிறாள். யாங் ஷி தூரிகையை எடுக்கிறார்.

நம்ம எல்லாருக்கும் வர்ற சந்தேகம் அவருக்கும் வந்தது. நீங்களே ஏன் எழுதித் தரக்கூடாது? வந்த பதிலின் சாரம் இது: உலகம் தோன்றும் முன்பே ஒளியாக உறைந்த எழுத்துகள் உண்டு. அவை படிப்படியாகச் சிதைந்து, எளிமையாகித்தான் மனிதர் எழுத்து ஆனது. மூல எழுத்தை இந்தப் புழுதி உலகத்தில் காட்ட முடியாது.

இப்போ அந்தக் கிறுக்கல் புரியுதா? ஃபு மனிதர் படிப்பதற்காக எழுதப்படவில்லை. அது மூல எழுத்தின் நிழல், பார்க்க மேகம்போல வளைந்திருக்கும். மனிதர் காதில் விழக்கூடிய வடிவம் கவிதை. வந்த இடம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மீன் எழுத்து மாறினால்

ஆனா இதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு. படிக்க முடியாத எழுத்தைப் பிரதி எடுக்கும்போது பிழை வந்தால் யாருக்குத் தெரியும்? கெ ஹோங் என்ற அறிஞர் நான்காம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிக் கவலைப்பட்டார். மீன் என்ற எழுத்து சில பிரதிகளுக்குப் பிறகு வேறு எழுத்தாகிவிடும். சாதாரண நூலில் அது கண்ணில் பட்டுவிடும், ஃபுவில் படாது. தவறான ஃபு பலன் தராதது மட்டுமில்லை, கேடும் செய்யும் என்பது அவர் எச்சரிக்கை.

யாங் ஷியின் ஏடுகளுக்கு இதைவிட மோசமாக நடந்தது. வாங் லிங்சி என்பவர் கெஞ்சிக் கேட்டுப் பிரதிகளை வாங்கி, சொந்தச் சரக்கைச் சேர்த்துப் பெருக்கி, ஊரெல்லாம் பரப்பிவிட்டார். நூறாண்டுக்கும் மேல் கழித்து தாவோ ஹோங்ஜிங் என்ற அறிஞர் உண்மையான ஏடுகளைத் தேடி அலைந்தார். கையெழுத்தைப் பார்த்தே இது யாங் ஷி, இது ஷூ குடும்பத்தார், இது போலி என்று பிரித்தார். அப்படித் தொகுத்த நூல்தான் ‘ஜென்காவ்’. தெய்வ வாக்கைக் காப்பாற்ற அவர் பக்தியை மட்டும் நம்பவில்லை. மையையும் தூரிகை வீச்சையும் சோதித்தார்.

சுற்றி நடக்கும் பாட்டு

கி.பி. 400 வாக்கில் ‘லிங்பாவ்’ என்ற இன்னொரு பிரிவு எழுந்தது. அதன் முக்கிய நூலில் 32 வானங்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு எழுத்து, மொத்தம் 256 எழுத்துகளில் ஒரு தெய்வ மொழி வரும். கேட்க சமஸ்கிருதம் மாதிரியே இருக்கும், ஆனா சமஸ்கிருதம் இல்லை! பௌத்த நூல்கள் இந்தியாவிலிருந்து வந்து குவிந்த காலம் அது. அந்த அந்நிய ஒலியே விண்ணொலியாகக் கேட்டிருக்கு.

இதே பிரிவில்தான் ‘வெறுவெளியில் நடத்தல்’ என்ற பத்துப் பாடல்கள் இருக்கின்றன. தெய்வங்கள் விண்மலையைச் சுற்றி வருவதுபோல, பூசாரிகள் பாடிக்கொண்டே பலிபீடத்தைச் சுற்றுவார்கள். காகிதத்தில் விண்மீன்களை இணைக்கும் கோடு, இங்கே காலடியாகிறது. பாட்டு, படம், நடை மூன்றும் ஒரே வழித்தடம். இந்த மரபுப் பாட்டு தாவோ சடங்குகளில் இன்றும் ஒலிக்கிறது.

கதவைத் திறந்து வைத்த ஆளுநர்

இந்த ஒப்பந்தத்தில் தன் பாதியை ஒருவர் மறந்தால் என்ன ஆகும்? வாங் நிங்ஜி, எழுத்தோவியத்தின் உச்சம் எனக் கொண்டாடப்படும் வாங் ஷிஜியின் மகன். விண்ணக ஆசான்கள் வழியில் ஆழ்ந்த பற்று. 399-ல் அவர் ஆண்ட குவைஜி நகரை சுன் என் என்ற கிளர்ச்சியாளன் நெருங்கினான். ஆளுநர் அரண் அமைக்கவில்லை. தனியறைக்குள் போய் வேண்டினார். வெளியே வந்து, ஆவிப்படை உதவிக்கு வருகிறது என்றார். நகரம் விழுந்தது, அவர் கொல்லப்பட்டார். சுன் என்னும் அதே மதவழிக் குடும்பத்துக்காரன்தான்!

அவர் மனைவி ஷியே தாவோயுன் பெரிய கவிஞர். கணவர் இறந்த சேதி கேட்டதும் வாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார், சிலரை வெட்டியும் வீழ்த்தினார். பிடிபட்ட பிறகு, பேரனைக் கொல்ல வந்த சுன் என்னிடம் நேருக்கு நேர் வாதாடிக் குழந்தையைக் காப்பாற்றினார்.

1500 ஆண்டுகள் கழித்து, 1900-ல் பாக்ஸர் கிளர்ச்சியாளர்கள் சடங்கு செய்து, ஃபு சாம்பலைக் குடித்து, குண்டு துளைக்காது என்று நம்பித் துப்பாக்கிகளுக்கு முன் போய் நின்றார்கள். குண்டு துளைத்தது. அதே போரில், 1445-ல் வெளியான தாவோ நூல்தொகுப்பின் அச்சுப்பலகைகளும் அழிந்தன. பெய்ஜிங் வெண்மேகக் கோயிலில் இருந்த பிரதியை வைத்துத்தான் 1923 முதல் 1926 வரை அது ஷாங்காயில் மறுபடியும் அச்சானது.

எனக்கு இதில் முக்கியமாகத் தெரிவது என்னன்னா, ஃபுவை மட்டும் கையில் வைத்துக்கொண்டவர்களைத்தான் அது கைவிட்டிருக்கு. சாலையைச் செப்பனிட்ட ஹான்ஜோங் மக்கள், கையெழுத்தைக் கூர்ந்து பார்த்த தாவோ ஹோங்ஜிங், பாட்டை மனப்பாடமாகக் கடத்திவரும் பூசாரிகள், இவங்க எல்லாம் தங்களோட பாதியைச் செய்தவங்க. விண்ணுலகில் நம்பிக்கை இருக்கோ இல்லையோ, 1,800 வருஷமா ஒரு எழுத்து உயிரோட இருக்க அவங்க உழைப்பு ஒரு காரணம். அடுத்த தடவை ஏதாவது படத்தில் அந்த மஞ்சள் காகிதம் பேயின் நெற்றியில் ஒட்டப்படும்போது, அதன் மறுபாதி யாரிடம் இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னைக்கு அவ்வளவுதான். எபிசோட் பிடிச்சிருந்தா நண்பர்களுக்கு அனுப்புங்க, கேள்வி இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.