சட்டமன்றம் இல்லாத தீவுகள்

(புனே, கோந்த்வாவில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புனே மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன் பின் மூன்றாண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் நடக்கவில்லை, ஆணையரே நிர்வாகியாக இருந்தார். குழாயில் தண்ணீர் வராத நாளில் யாரிடம் முறையிடுவது, தெருவிளக்கு எரியாவிட்டால் யார் கதவைத் தட்டுவது என்பது கோந்த்வாவில் இருப்போருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தியல்ல. அதிகாரி நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பிரச்சனையே அல்ல. அவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பும் வழி மக்களிடம் இருக்கவில்லை என்பதுதான் பிரச்சனை. ஒரு மாநகரம் சில ஆண்டுகள் கண்ட இந்த நிலையில், 1956 முதல் இன்றுவரை வாழ்ந்துவரும் மக்கள் இந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் லட்சத்தீவு மக்கள்.

தமிழர்களுக்கு அவர்கள் அந்நியர் அல்லர். 1956 நவம்பர் 1 வரை அத்தீவுகள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவை. அமினித் தீவுகள் தென் கன்னட மாவட்டத்திலும், லக்கதீவும் மினிக்காயும் மலபார் மாவட்டத்திலும் இருந்தன. மலபார் கேரளத்தோடு சேர்ந்தது; தென் கன்னடத்தின் பெரும்பகுதி மைசூரோடு சேர்ந்தது; தீவுகளோ எந்தச் சட்டமன்றத்தோடும் சேராமல் நேரே தில்லியின் கைக்குப் போயின. முதல் பத்தாண்டுகள் அவற்றின் மக்களவை உறுப்பினரைக் கூடக் குடியரசுத் தலைவரே நியமித்தார். 1967இல்தான் தீவு மக்கள் மக்களவைக்கு வாக்களித்தனர்.

மேலிருந்து ஆளப்படுவது அவர்களுக்குப் புதிதல்ல. கண்ணூரின் அறக்கல் அரசு பதினெட்டாம் நூற்றாண்டில் கயிற்று வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கியது. தீவில் நெல் விளையாது. பெண்கள் தேங்காய் மட்டையை ஊறவைத்து, அடித்து, நார் எடுத்துத் திரித்த கயிற்றை அரசு வைத்த விலைக்கே கொடுத்து அரிசி வாங்க வேண்டும். கயிற்றின் விலையையும் அரிசியின் விலையையும் ஒரே கை தீர்மானித்தால் சுரண்டல் எப்படி நடக்கும் என்பதற்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. 1780களில் அமினித் தீவினர் அறக்கல் ஆட்சியை உதறி, மங்களூர் சென்று திப்பு சுல்தானிடம் முறையிட்டனர். அமினித் தீவுகள் திப்புவிடம் வந்தன. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் கும்பினியார் அவற்றை எடுத்துக்கொண்டனர், ஏகபோகத்தை ஒழிக்கவில்லை. அரசுக்குரியதாகக் கருதப்பட்ட நிலத்துக்குத் தீவில் இன்றும் 'பண்டார நிலம்' என்றே பெயர். தலைமுறைகளாக அதில் தென்னை வளர்ப்பவர்களிடமிருந்து அதைத் திரும்ப எடுக்க இன்றைய நிர்வாகமும் முனைகிறது. அரசு மாறியது, பண்டாரம் மாறவில்லை.

இன்றைய அதிகாரத்தின் வேர் அரசியல் சாசனத்தின் 240ஆவது பிரிவில் இருக்கிறது. இத்தீவுகளுக்குக் குடியரசுத் தலைவர், அதாவது ஒன்றிய அரசு, ஒழுங்குமுறைகளைப் பிறப்பிக்கலாம். அவை நாடாளுமன்றச் சட்டத்தையே திருத்தவும் நீக்கவும் வல்லவை. 2020 டிசம்பரில் குஜராத்தின் முன்னாள் அமைச்சர் பிரபுல் கோடா படேல் நிர்வாகியாகப் பொறுப்பேற்ற பின் இந்தப் பிரிவின் முழுப் பொருளும் வெளிப்பட்டது. எந்த நிலத்தையும் வளர்ச்சித் திட்டத்துக்குள் கொண்டுவரும் ஒரு வரைவு, விசாரணையின்றி ஓராண்டு வரை சிறைவைக்க ஒரு வரைவு, இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கத் தடை, பசுவதைத் தடை. 2021 மே மாதத்தில் கல்வி, சுகாதாரம், வேளாண்மை, மீன்வளம், கால்நடை ஆகிய ஐந்து துறைகளும் மாவட்டப் பஞ்சாயத்திடமிருந்து பறிக்கப்பட்டன. ஜூன் 7 அன்று தீவினர் தம் வீடுகளிலேயே உண்ணாவிரதம் இருந்தனர். அதற்கு ஒரு வாரம் முன்பு கேரளச் சட்டமன்றம் ஒருமனதாகக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. தீவு மக்களுக்காகப் பேச ஒரு சட்டமன்றம் கிடைத்தது. ஆனால் அது கடலுக்கு அப்பாலிருந்த வேறொரு மாநிலத்தின் சட்டமன்றம்.

பள்ளி மதிய உணவிலிருந்து இறைச்சி நீக்கப்பட்ட வழக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கேரள உயர்நீதிமன்றம் முதலில் தடை விதித்தது, பிறகு மனுவைத் தள்ளியது. 2022இல் உச்சநீதிமன்றம் இறைச்சியைத் தொடரச் சொன்னது. 2023 செப்டம்பரில், இது நிர்வாகத்தின் கொள்கை முடிவு, நீதிமன்றம் தலையிடாது என்று வழக்கை முடித்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். கொள்கை என்பது சட்டமன்றத்தில் பேசித் தீர்க்க வேண்டியது என்பதும் சரிதான். ஆனால் எந்தச் சட்டமன்றத்தில்? தமிழ்நாட்டில் சத்துணவில் முட்டை சேர்ப்பது தேர்தல் வாக்குறுதியாகலாம். கவரத்தியில் ஒரு குழந்தையின் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதற்குத் தாய் வாக்களிக்க இடமே இல்லை.

சட்டமன்றம் கேட்டால் மக்கள்தொகை போதாது என்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி லட்சத்தீவின் மக்கள் 64,473. டென்மார்க்கின் கீழுள்ள ஃபரோ தீவுகளில் இதைவிடக் குறைவான மக்களே வாழ்கிறார்கள். 1948 முதல் அவர்களுக்குத் தன்னாட்சி உண்டு. பின்லாந்தின் ஓலாந்து தீவுகளில் சுமார் 30,000 பேர், ஸ்வீடிஷ் மொழியினர். அவர்கள் ஸ்வீடனோடு சேரவே விரும்பினர். 1921இல் உலக நாடுகள் சங்கம் தீவுகளைப் பின்லாந்திடமே விட்டது. ஆனால் மொழிக்கும் நிலத்துக்கும் உத்தரவாதம் பெற்றுக் கொடுத்தது. அங்கே வெளியார் நினைத்தபடி நிலம் வாங்க முடியாது. நூறாண்டு கடந்தும் பின்லாந்து உடையவில்லை. தன்னாட்சி கேட்டாலே பிரிவினை என்று பதறும் தேசபக்தர்கள் அந்த வரைபடத்தை ஒருமுறை பார்க்கலாம். லட்சத்தீவினர் ஸ்வீடனைக் கேட்கவில்லை, புதுச்சேரி 1963இல் பெற்றதைத்தான் கேட்கிறார்கள்.

தீவுச் சமூகத்தை ஒரே பொருளாகக் காண்பதும் தவறு. நிலமுடைய கோயா, கப்பலோட்டிய மாலுமி, தென்னையேறிய மேலாச்சேரி என்ற அடுக்குகள் அங்கே இருந்தன. 1965ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்த ஒழுங்குமுறைதான் குடியான்களுக்குக் கொஞ்சம் உரிமை தந்தது. அதுவும் தில்லி பிறப்பித்ததே என்று சிலர் வாதிடலாம். உண்மை. ஆனால் மேலிருந்து வந்ததை மேலிருந்தே எடுக்கவும் முடியும். சட்டமன்றம் வந்தால் அதில் மரமேறியின் மகளும் அமர வேண்டும் என்பது அடுத்த போராட்டம். முதலில் அமர இருக்கை வேண்டும்.

பித்ரா, மக்கள் வாழும் தீவுகளில் மிகச் சிறியது. 2011இல் அங்கே 271 பேர். 2025 ஜூலையில், அத்தீவு முழுவதையும் பாதுகாப்புத் தேவைக்காகக் கையகப்படுத்துவதற்கான சமூகத் தாக்க ஆய்வு அறிவிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, அரசு தன் தேவைக்கு எடுக்கும் நிலத்துக்கு உரிமையாளரின் சம்மதம் கட்டாயமில்லை. ஆனால் ஆய்வின்போது பஞ்சாயத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். 2017இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தபோது லட்சத்தீவில் புதிய தேர்தல் நடத்தப்படவில்லை. அறிவிப்பு வந்த நாளில் பித்ராவில் கலந்தாலோசிக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினரும் இல்லை.