கையை விரித்த நகரம்

ஊர் ஏன் இப்படிக் கண்டபடி பரவுகிறது என்று கேட்டால், மக்கள் பெருகிவிட்டார்கள் என்போம். அது பாதிக் காரணம்தான். ஊருக்கு வெளியே மனை மலிவு; வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது; போதாததற்கு அரசே ஒரு சாலையையும் போட்டுக் கொடுத்துவிடுகிறது. அப்புறம் வயலாவது, ஏரியாவது!

இப்படிப் பரவுவதை ஒழுங்குபடுத்தத்தான் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனுக்கு 1947-ல் ஒரு திட்டம் தீட்டினார்கள். அதன் பெயரே 'விரல் திட்டம்'. உங்கள் கையை விரித்துப் பாருங்கள். உள்ளங்கைதான் மைய நகரம். ஐந்து விரல்களும் புறநகர் ரயில் பாதைகள். வீடுகளை அந்த விரல்களின் மேல் கட்டிக்கொள்ளலாம். விரல் இடுக்குகளில் இருக்கும் வயலும் காடும் அப்படியே இருக்க வேண்டும். ஊர் வளரவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை, எந்தப் பக்கம் வளரலாம் என்றுதான் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

நடுவில் கார்கள் பெருகியபோது, அலுவலகங்கள் ரயிலை விட்டு நெடுஞ்சாலைப் பக்கம் நகரத்தான் செய்தன. 2007-ல் திட்டத்தைப் புதுப்பித்துச் சட்ட பலம் கொடுத்தார்கள். பெரிய அலுவலகம் என்றால், பொதுவாக ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் வர வேண்டும். நம் மனை விளம்பரங்களில் வருகிறதே, 'ரயில் நிலையம் மிக அருகில்' என்று, அதற்கு அங்கே அளவு உண்டு!