இருமுறை உதித்த ஞாயிறு

இரு விமானத்துறைகளுக்கு இடையேயுள்ள தூரம் மாறுவதில்லை. பயண நேரமே மாறுகின்றது. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் பொருத்த உதவியது, காலிக்கு அண்மையிலுள்ள நமது கொக்கலை வாவியாகும். 1943 முதல் 1945 வரை, பேர்த் நகரிலிருந்து புறப்பட்ட கட்டலீனாக் கடல்விமானங்கள் இவ்வாவியில் வந்திறங்கின. இடைத்தூரம் ஏறக்குறைய 5,600 கிலோமீற்றர். பறக்கும் நேரமோ 27 முதல் 33 மணி வரை. எரிபொருளின் பாரம் மிகுந்தமையால் மூன்று பயணிகளுக்கே இடமிருந்தது. பகைவர் அறியாவண்ணம் வானொலி மௌனங் காத்தது, விண்மீன்களே வழிகாட்டின. ஒரே பறப்பிற் பயணிகள் இருமுறை சூரியோதயங் கண்டனர். 2018இலோ, பேர்த்திலிருந்து இலண்டன் வரையுள்ள 14,500 கிலோமீற்றரை, ஜெற் விமானம் எங்குந் தங்காது ஏறத்தாழ 17 மணியிற் கடந்தது. இவ்வேகத்தை வியப்போர், அன்று இருளில் விண்மீன் பார்த்து வந்தோரையும் நினைவிற் கொள்வாராக.