சிறுநீரகமும் கழுத்துச் சுரப்பியும்



குண்டிக்காய் என்று நாம் சொல்லுகிற சிறுநீரகம் நாட்பட்டுக் கெட்டவர்க்கு முகம் வீங்குகிறது, குளிர் தாங்குவதில்லை, எழுந்து நடமாடச் சோர்வு. சோதிடன் கிரகக் கோளாறு என்று தாயத்துக்குப் பணம் பறிக்கிறான். நாமோ எல்லாம் சிறுநீரகத்தால்தான் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சோர்ந்தாலும் இதே அடையாளங்கள்தாம்! சிறுநீரகம் கெடக்கெட, இக்குறையும் சேர்ந்திருப்பது அதிகமாகிறது.

அச்சுரப்பி விடும் டி4 என்னும் சரக்கு, டி3 ஆக மாறினால்தான் உடம்பில் முழுவேலை செய்யும். சிறுநீரகம் கெட்டவர்க்கு அம்மாற்றம் குறைகிறது. வெளியேற வேண்டிய அயோடினும் தங்கிவிடுகிறது. ஆதலால் டி3 மட்டும் குறைந்து, டி.எஸ்.எச். சரியாயிருந்தால் அதற்காகத் தாமாக மாத்திரை விழுங்குவது தவறு. டி.எஸ்.எச். மிக ஏறி, டி4-ம் இறங்கியிருந்தால் அது சுரப்பியின் நோயே, அதற்கு மருந்துண்டு. அக்குறையே கிரியேட்டினினை ஏற்றிக் காட்டுவதுமுண்டு. மருந்துக்குப் பின் அது இறங்கியவர்கள் இருக்கிறார்கள்.

1891-ல் இங்கிலாந்தில் முர்ரே என்ற டாக்டர், ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஊசிவழி ஏற்றி, இக்குறையால் வீங்கிக் கிடந்த ஒரு பெண்ணைத் தேற்றினார். அந்த அம்மாள் அதன்பின் 28 வருஷம் வாழ்ந்தார். எந்தத் தாயத்து இதைச் செய்தது?

தாயத்துக்குக் கொடுக்கும் காசில் டி.எஸ்.எச். பரிசோதனையையும் சேர்த்துச் செய்யும்படி டாக்டரிடம் கேளுங்கள் என்பதே நாம் சொல்லுவது.