வாக்குமூலம் யாருடைய வாக்கு?



ஈப்போவில் கொரியத் தொடர் பாராத மாணவரைக் காண்பது இன்று அரிது. என் பேத்தி உண்மைக் குற்றங்களைத் தழுவிய தொடர்களையே விரும்பிப் பார்ப்பாள். ‘குற்றவாளி யார்?’ என்பது அவளுடைய கேள்வி. உடன் அமர்ந்து பார்த்த எனக்கோ, மொழியியல் பயின்றவன் என்ற முறையில், வேறொரு வினா எழுந்தது: ‘குற்றத்தை ஒப்புக்கொள்ளும் அந்தத் தாளில் உள்ள சொற்கள் யாருடையவை?’

தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை பெண்களும் சிறுமியருமாகப் பத்துப் பேர் கொல்லப்பட்டனர். போங் ஜூன்-ஹோ இயக்கிய ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ (2003) இதனைத் தழுவியது. ‘சிக்னல்’ (2016) என்னும் தொடரிலும் இதன் சாயல் உண்டு. அத்திரைப்படத்தில், மனவளர்ச்சி குன்றிய இளைஞன் ஒருவனைக் காவலர்கள் அடித்து, அவன் சொல்லவேண்டியதைப் பாடம்போல் கற்பிக்கின்றனர்.

உண்மை அதற்கு வெகுதொலைவில் இல்லை. எட்டாவது கொலைக்காக 1989இல் கைதானவர், இளம்பிள்ளைவாதத்தால் கால் ஊனமுற்ற, அதிகம் படிக்காத ஓர் இளைஞர். தாமே கொன்றதாக வாக்குமூலம் அளித்தார் எனப் பதிவாயிற்று. இருபது ஆண்டுகள் சிறையில் இருந்தார். மக்கள் அரங்குகளில் அப்படத்தைக் கண்ட 2003லும் அவர் சிறையில்தான் இருந்தார். மரபணுச் சோதனையின் வழி 2019இல் அடையாளம் காணப்பட்ட லீ சுன்-ஜே, அக்கொலையும் தன் செயலே என்று ஒப்புக்கொண்டான். 2020 திசம்பரில் நீதிமன்றம் அந்த நிரபராதியை விடுவித்தது.

இங்கே இலக்கணத்தைச் சற்று நோக்குவோம். வாக்குமூலம் தன்மை ஒருமையில் அமைவது: ‘நான் செய்தேன்’. ஆனால் எழுதுகோலைப் பிடித்திருப்பவர் வேறொருவர். ‘சொன்னான்’ என்று ஏட்டில் இருப்பது, உண்மையில் ‘சொல்லவைத்தார்கள்’ என்பதாக இருக்கலாம். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள அந்த வேறுபாட்டில் ஒருவருடைய இருபது ஆண்டுகள் மறைந்துபோயின.

தமிழிலும் சான்று உண்டு. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், 1983இல் குண்டூரில் காவலர்களிடம் தாம் பட்ட துன்பத்தை ‘லாக்கப்’ என்னும் நூலாக்கினார். வெற்றிமாறனின் ‘விசாரணை’ (2015) படத்தின் முற்பகுதி அதிலிருந்து உருவானது. பிழைப்புத் தேடி ஆந்திரம் சென்ற தமிழ்த் தொழிலாளர், தெலுங்கு அறியாத நிலையில், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளுமாறு வதைக்கப்படுகின்றனர். தமிழ் அறிந்த ஒருவர் நீதிமன்றத்தில் அவர்களுடைய சொற்களை மொழிபெயர்த்த பின்னரே அவர்கள் விடுதலை பெறுகின்றனர்.

இது நமக்குப் புதிதன்று. சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் நான். சம்பள நாளில், கிராணி ஆங்கிலத்தில் எழுதிய ஏட்டில் என் தந்தையார் கைநாட்டு வைப்பார். எவரும் அதனைப் படித்துக் காட்டியதில்லை. ஒரு மாதம் மூன்று நாள் பேர் விடுபட்டிருந்தது. கேட்டபோது, “கைநாட்டு வைத்துவிட்டாயே” என்பதே விடையாக வந்தது. அன்று போனது மூன்று நாள் கூலி. காவல் நிலையத்தில் அதே கைநாட்டால் வாழ்வே போகலாம்.

நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, எழுதப்பட்ட வாக்குமூலத்தை அவர் கூறிய மொழியிலேயே அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்கிறது. திருத்த வாய்ப்பளித்த பின்னரே கையொப்பமோ கைநாட்டோ பெறவேண்டும். நம் பிள்ளைகள் மலாய் அறிந்தவர்களே. ஆயினும் அச்சத்தில் இருப்பவர் புரியாத சொல்லுக்கும் தலையசைப்பர். உரிமையை அறியாதவருக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை.

ஆகவே, ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘ஐயத்துக்குரியவர்’, ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’, ‘குற்றவாளி’ ஆகிய மூன்று சொற்களின் பொருள் வேறுபாட்டை ஒரு பாடவேளையில் கற்பியுங்கள். “முதலில் படித்துக் காட்டுங்கள்” என்று தயங்காமல் கேட்கவும் பழக்குங்கள். மாணவர்களே, அடுத்த தொடரில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் காட்சி வரும்போது, எழுதுகோல் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். என் பேத்தி இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறாள்.