டெட்ரா மெஷ்: அந்த ஏழு டிகிரி இடைவெளி

போன எபிசோடு கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க. "ஆட்டோ மெஷ் பட்டனை அமுக்கினா மெஷ் வந்துடுது. அப்புறம் அதுல பேச என்ன இருக்கு?" நியாயமான கேள்விதான். மெஷ் வர்றது பிரச்சினையே இல்ல. வந்த மெஷ் பார்க்க நல்லா இருக்கும், ஆனா விடை தப்பா இருக்கும். அதுதான் பிரச்சினை.

புதுசா கேக்குறவங்களுக்கு அடிப்படையை மட்டும் சொல்லிடறேன். ஒரு இரும்பு பிராக்கெட் மேல பாரம் ஏத்தினா எங்க உடையும்? முழு வடிவத்துக்கும் ஒரே சமன்பாடு எழுதித் தீர்க்க முடியாது. அதனால சின்னச் சின்னத் துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் எளிமையான கணக்குப் போட்டு, எல்லாத்தையும் கோர்த்து விடை எடுக்கிறோம். அந்தத் துண்டு பெரும்பாலும் நான்முகி, அதாவது டெட்ராஹெட்ரான். நாலு மூலை, நாலு முக்கோண முகம். டெட்ரா பேக் கம்பெனியோட முதல் பாக்கெட் இந்த வடிவம்தான், பேரும் அதுல இருந்து வந்ததுதான்.

இப்போ தரையில டைல்ஸ் போடுறதா நினைச்சுக்கோங்க. சமபக்க முக்கோணத்தை வெச்சு இடைவெளியே இல்லாம ரொப்பிடலாம். அதே மாதிரி ஒரு பெட்டியை ஒழுங்கான நான்முகிகளால ரொப்ப முடியுமா? முடியும்னுதான் அரிஸ்டாட்டிலே எழுதி வெச்சார், பல நூற்றாண்டு அதை நம்பவும் செஞ்சாங்க. ஆனா முடியாது. ரெண்டு முகம் சேர்ற கோணம் 70.53 டிகிரி. ஒரு விளிம்பைச் சுத்தி அஞ்சு நான்முகி வெச்சா சுமார் 352.6 டிகிரிதான் வரும். மிச்சம் ஏழு டிகிரிக்கு மேல ஓட்டை. ஆறாவது உள்ள போகாது. ஆக, எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் சில துண்டுகளைக் கோணலாக்கித்தான் ஆகணும். எவ்வளவு கோணல்னுதான் கேள்வி.

இங்கதான் டெலோனே வர்றார். 1934ல அவர் வெளியிட்ட கட்டுரையில இருக்கிற விதி இது: ஒவ்வொரு துண்டோட மூலைகள் வழியாவும் ஒரு கோளம் வரைஞ்சா, அதுக்குள்ள வேற எந்தப் புள்ளியும் இருக்கக்கூடாது. தட்டையான ரெண்டு பரிமாணத்துல இந்த விதி அற்புதம். கையில இருக்கிற புள்ளிகளை வெச்சு, மிகச் சின்னக் கோணத்தை எவ்வளவு பெருசாக்க முடியுமோ அவ்வளவு பெருசாக்கிக் குடுக்கும். முப்பரிமாணத்துக்குப் போனதும் அந்த உத்தரவாதம் போயிடுது. ஒரு சதுரத்தோட நாலு மூலையையும் எடுத்து, ஒண்ணை மட்டும் துளி மேல தூக்குங்க. அதுவும் நான்முகிதான், ஆனா அப்பளம் மாதிரி. கன அளவு கிட்டத்தட்ட பூஜ்யம். இதுக்குப் பேர் ஸ்லிவர். இதுல விஷமம் என்னன்னா, பக்க நீளங்களை மட்டும் செக் பண்ணா பாஸ் ஆயிடும். டெலோனே விதியும் இதைத் தடுக்காது. ஆனா கணக்குல சமன்பாடுகளைக் கெடுத்து, சால்வரைத் திணற வெச்சுடும்.

வடிவம் நல்லா இருந்தாலும் இன்னொரு பொறி இருக்கு. நாலு நோடு மட்டும் உள்ள டெட்ராவுக்குள்ள ஸ்ட்ரெஸ் எல்லா இடத்துலயும் ஒரே அளவுதான், உள்ளுக்குள்ள அது மாறவே முடியாது. அதனால வளையற பாகத்தை நிஜத்தைவிட விறைப்பா காட்டும். அதாவது டிசைன் ரொம்ப பத்திரமா இருக்கிற மாதிரி தெரியும்! ஒவ்வொரு விளிம்புக்கும் நடுவுல ஒரு நோடு சேர்த்த பத்து நோடு டெட்ரா இதைப் பெரும்பாலும் சரி பண்ணிடும். நேரம் ஜாஸ்தி எடுக்கும், எடுக்கட்டும். வளைவு வர்ற பாகத்துக்கு நாலு நோடு போடுறதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

"கொஞ்சம் தப்பா வந்தா என்ன ஆயிடும்?"னு கேக்குறவங்களுக்கு நார்வே கதை ஒண்ணு இருக்கு. 1991 ஆகஸ்ட் 23, ஸ்டாவாங்கர் பக்கத்துல ஒரு ஃபியோர்டு. ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையோட கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காகத் தண்ணிக்குள்ள மெதுவா இறக்கிட்டு இருந்தாங்க. 65 மீட்டர் ஆழத்துல ஒரு சுவர் பிளந்தது. பம்புகளால சமாளிக்க முடியல. மொத்தமும் மூழ்கிடுச்சு. உயிர்ச்சேதம் இல்ல, நஷ்டம் மட்டும் சுமார் 70 கோடி டாலர். விசாரிச்சப்போ, சுவர்கள் சேர்ற இடத்துல ஷியர் ஸ்ட்ரெஸ்ஸை 47 சதவீதம் குறைச்சுக் கணக்குப் போட்டிருந்தது தெரிஞ்சது. அங்க காரணம் ஸ்லிவர் இல்ல, பெரிய, கோணலான எலிமென்ட்கள். கம்பி கட்டின விதத்துலயும் குறை இருந்தது. அப்புறம் கவனமா போட்ட கணக்கு என்ன சொல்லுச்சு தெரியுமா? 62 மீட்டர்ல உடையும்னு. சாஃப்ட்வேருக்கு விடை தெரியாம இல்ல, சரியாக் கேக்கலை, அவ்வளவுதான்.

வீட்ல செஞ்சு பார்க்க ஆசைப்படறவங்க ஜிமெஷ் இறக்கிக்கோங்க, இலவசம். மெஷ் போட்டதும் கலர் படத்துக்கு ஓடாதீங்க. குவாலிட்டி விவரத்துல சராசரியை விட்டுட்டு, இருக்கிறதுலயே மோசமான எலிமென்ட் எதுன்னு பாருங்க. அப்புறம் துண்டோட அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்க. விடை பெருசா நகர்ந்தா, முதல் மெஷ் போதலைன்னு அர்த்தம். ஒரு விதிவிலக்கு மட்டும் இருக்கு. உள்பக்கமா மடிஞ்ச கூர்மையான மூலையில எவ்வளவு பொடியா வெட்டினாலும் ஸ்ட்ரெஸ் ஏறிக்கிட்டே போகும், நிக்கவே நிக்காது. அங்க மெஷ்ஷைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, மூலையைக் கொஞ்சம் உருட்டி வரையணும்.

செஞ்சு பார்த்துட்டு, உங்களுக்குக் கிடைச்ச மோசமான ஸ்லிவரோட படத்தை அனுப்புங்க.